மருந்துத் துண்டும் சட்டமும்: இலங்கையில் கட்டுப்பாட்டு மருந்து மோசடி பற்றிய ஓர் ஆய்வு

வெள்ளவத்தைக் காலி வீதியிலோ கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலோ ஒருவர் பாமசிக்குள் நுழைந்து மருந்துத் துண்டை நீட்டுகிறார். நோயாளியின் பெயர், திகதி, மருந்தின் அளவு, வைத்தியரின் கையொப்பம், மருத்துவச் சபைப் பதிவிலக்கம் ஆகியவற்றை மருந்தாளர் பார்க்கிறார். அந்தத் துண்டைத் திருத்தியோ போலியாக எழுதியோ கட்டுப்பாட்டு மருந்து பெறுவதை இலங்கைச் சட்டம் எவ்வாறு கையாண்டு வந்தது? மருந்தின் நிறையை அளப்பதில் சட்டம் மிகவும் வளர்ந்திருக்கிறது. துண்டைக் காப்பதில் அந்த வளர்ச்சி இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

துண்டு மோசடிக்கு அடிப்படை இன்றும் 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைதான். ஏமாற்றிப் பொருளைப் பெறுவது 403ஆம் பிரிவிலும், பொய்யாவணம் புனைவது 454இலும், அதை உண்மையானதெனப் பயன்படுத்துவது 459இலும் வருகின்றன. 5 குளிசை என்றிருந்ததற்கு முன்னால் ஒரு கோடு இழுத்து 15 ஆக்கினால், கள்ள உறுதி முடிப்பவரைப் பிடிக்கும் அதே அத்தியாயந்தான் இவரையும் பிடிக்கும். ஆனால் கோட்டை இழுத்தவர் நோயாளியா, வியாபாரியா, அடிமையாகிப்போனவரா என்று அந்த அத்தியாயம் பிரித்துப் பார்ப்பதில்லை.

1925இன் ஜெனீவா அபினி உடன்படிக்கை, இவ்வகை மருந்துகளை மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் மட்டுமென வரையறுத்தது. இலங்கையில் 1927இல் மருத்துவக் கட்டளைச் சட்டமும், 1929இல் நஞ்சுகள், அபினி, அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டமும் வந்தன. இந்த வரிசை கவனிக்கத்தக்கது. வைத்தியர் யார் என்பதைப் பதிவேடு சொன்னால்தான் அவருடைய துண்டுக்குச் சட்டப் பெறுமதி உண்டு.

1980இன் 27ஆம் இலக்க அழகுசாதன, சாதன, ஒளடதச் சட்டமும் அதன்கீழ் வந்த ஒழுங்குவிதிகளும் எந்த மருந்துக்குத் துண்டு வேண்டுமென வகைப்படுத்தின. 2015இன் 5ஆம் இலக்கச் சட்டம் அந்தப் பொறுப்பைத் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையிடம் கொடுத்தது. இதற்கிடையில், 1984இன் 13ஆம் இலக்கத் திருத்தம் 1929ஆம் ஆண்டுச் சட்டத்தின் முகத்தையே மாற்றிவிட்டது. 2 கிராம் ஹெரோயின், 3 கிராம் மோர்பின் என்ற எல்லைகளைத் தொட்டால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. 2022இன் திருத்தம் ஐஸ் போதைப்பொருளையும் இந்த வரிசையில் சேர்த்தது. 10 மில்லிகிராம் மோர்பின் குளிசைகள் 300 சேர்ந்தால் 3 கிராம். புற்றுநோயாளியின் வலிநிவாரணியையும் கடத்தல்காரனின் தூளையும் ஒரே தராசில் நிறுத்தும் இந்த எண்ணைப் பார்க்கும்போது எனக்கு அச்சமே வருகிறது.

துண்டு பலவீனமாக இருப்பதற்கு நம்முடைய வைத்திய வழக்கமும் ஒரு காரணம். தனியார் குடும்ப வைத்தியர்கள் பலர் தங்கள் டிஸ்பென்சரியிலேயே குளிசைகளைச் சிறு கடித உறையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அங்கே துண்டே எழுதப்படுவதில்லை. எழுதப்படும் துண்டும் பல வேளைகளில் வைத்தியரின் பெயர் அச்சிட்ட சாதாரணத் தாள்தான். அதில் தொடரிலக்கமும் இல்லை, அடிக்கட்டையும் இல்லை. சந்தேகம் வந்தால் மருந்தாளருக்கு இருக்கும் ஒரே வழி வைத்தியருக்குத் தொலைபேசி எடுப்பது. இரவு ஒன்பது மணிக்கு அழைப்பை யாரும் எடுக்காவிட்டால், முன்னால் நிற்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் அவர் தீர்மானிக்கிறார். நிற்பவர் உண்மையிலேயே வலியோடு வந்தவராகவும் இருக்கலாம்.

அண்மைக்காலமாகத் தவறாகப் பாவிக்கப்படும் பிரிகபலினும் டிரமடோலும் 1961, 1971 சர்வதேச உடன்படிக்கைகளின் பட்டியல்களில் இல்லை. அபினிக் காலத்து வேலி இவற்றுக்கு எட்டாதவிடத்தில் துண்டுதான் வேலி. 1961இன் உடன்படிக்கை, அதன் 30ஆம் உறுப்புரையில், அடிக்கட்டையுடன் கூடிய அதிகாரபூர்வத் துண்டுப் புத்தகங்களை அரசோ தொழில்சார் சங்கமோ வழங்கலாமென அன்றே வழிகாட்டியிருந்தது. இலங்கை அவ்வுடன்படிக்கையில் 1963இல் இணைந்தது. அத்தகைய புத்தகமொன்றை எல்லாத் தனியார் வைத்தியர்களுக்கும் வழங்கி, அதன் இலக்கத்தை எந்த நேரத்திலும் பாமசியிலிருந்தே சரிபார்க்க வழி செய்வது, இன்னொரு தண்டனைப் பிரிவைச் சேர்ப்பதைவிட அவசரமானது.