ஏரோஜெல்

'ஏரோஜெல்' என்னும் பதம், காற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும், உறைதலைக் குறிக்கும் லத்தீன் தாதுவிற் பிறந்த 'ஜெல்' என்பதும் கூடியது. கூழின் திரவத்தை நீக்கி, உருவம் சுருங்காமல் அவ்விடத்தே வாயுவை நிறுத்திய அமெரிக்க இரசாயன அறிஞர் கிஸ்ட்லர் 1931இல் இதனை அறிவித்தார். கல்முனைப் பெருநாள் விருந்தில் வட்டிலப்பத்தின் கண்ணறைகளைக் கண்டோர்க்கு இதன் ஸ்வரூபம் எளிதில் விளங்கும். சிலிக்காவால் ஆனது நொறுங்குவது. காபன் நுண்குழாய்களால் ஆனதோ அமுக்கி விட்டால் மீள்வது. கொடுங்கல்லூரிற் பிறந்த புலிக்கல் அஜயன் முதலானோர், போரன் சேர்த்து, குழாய்கள் முழங்கைபோல் வளைந்து ஒன்றோடொன்று பிணையுமாறு செய்து, எண்ணெயை உறிஞ்சும் அத்தகைய பஞ்சொன்றை ரைஸ் பல்கலைக்கழகத்திலிருந்து 2012இல் வெளிப்படுத்தினர். 'வளிக்கூழ்' என்ற தமிழாக்கம் எனக்கு உவப்பில்லை. கூழ் என்றதும் ஈரமன்றோ நினைவுக்கு வருகிறது! 'வளிப்பஞ்சு' என்பதே பொருந்தும்.