சோழியும் ஊசலும்

வீராம்பட்டினம் என்றவுடன் வரலாறு கற்றோர்க்கு அரிக்கமேடு நினைவில் எழும். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழாய்வு செய்ததும், பின்னர் அகழ்ந்த கசால் 1949இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே நம் ஊர்ப்பெயர் இடம்பெற்றதும் பலரும் அறிந்தவை. அவர்களுக்கு ஏறத்தாழ இருநூற்றாண்டு முன்னரே, ஊர்மக்கள் ஆற்றங்கரையில் பெரிய பழஞ்செங்கற்களைப் பெயர்த்தெடுப்பதைத் தம் பயண நூலில் குறித்து வைத்தவர் பிரெஞ்சு வானியலார் கியோம் லெ ழாந்தி (1725–1792). ஆனால் அவர் கடல் கடந்து வந்தது செங்கல்லைக் காண அன்று. வெள்ளிக்கோள் கதிரவனின் குறுக்கே கடப்பதைக் காணவே வந்தார். அந்த வருகையின் துணைவிளைவாகப் புதுச்சேரியில் நிகழ்ந்த ஒரு சந்திப்பே இக்கட்டுரையின் பொருள்.

1760 மார்ச்சில் பிரான்சை விட்டுப் புறப்பட்டவர் புதுச்சேரியை அடையுமுன்பே ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761 சூன் 6 அன்று வெள்ளி கதிரவனைக் கடந்தபோது அவர் நடுக்கடலில் கப்பல் தளத்தில் நின்றார். கோளைக் கண்டார், ஆயினும் அக்காட்சியால் பயன் இல்லை. ஊசல் கடிகாரம் ஆடுகின்ற கப்பலில் ஓடாது. கப்பல் ஒரே சீராகச் சென்றால் உள்ளே இருக்கும் பொருளுக்கு அச்செலவு தெரியாது என்பது கலிலியோ காட்டிய உண்மை. அலையில் ஏறி இறங்கும் கப்பலோ நொடிக்கு நொடி தன் இயக்கத்தை மாற்றிக்கொள்கிறது. அம்மாற்றம் முழுவதும் ஊசலைத் தாக்கும். நிலையான தரையிலும் ஊசல் எங்கும் ஒரே வகையாய் ஆடுவதில்லை. 1672இல் ரிஷே என்பவர் தென்னமெரிக்கக் கடற்கரையிலுள்ள கயேனுக்குக் கொண்டுசென்ற பாரிசுக் கடிகாரம் நாள்தோறும் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் புவியின் ஈர்ப்பு சற்றே குறைவதுதான் காரணம். அதே கணக்கின்படி புதுச்சேரியில் ஏறத்தாழ இரண்டு நிமிடம் பின்தங்கும்.

அடுத்த கடப்பு 1769இல். நாடு திரும்பாமல் கீழைக் கடற்பகுதிகளிலேயே தங்கி, 1768இல் புதுச்சேரி வந்து, இடிந்த கோட்டையின் மேல் ஆய்வுக்கூடம் அமைத்துக் காத்திருந்தார். சூன் 4 காலையில் மேகம் மூடியது. கடப்பு முடிந்த பின் வானம் வெளுத்தது. ஊர் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாகக் கொண்டு உறவினர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர். அவலச்சுவை மிக்க இக்கதையைப் பலர் எழுதியுள்ளனர், விரிக்க வேண்டுவதில்லை.

காத்திருந்த நாள்களில் அவர் தமிழரிடம் கிரகணக் கணிதம் கற்றார் என்பதே நமக்கு வேண்டுவது. 1765 ஆகத்து 30ஆம் நாள் நிகழ்ந்த நிலவு மறைப்பைத் தமிழர் ஒருவர் அவர் முன்னிலையில் கணித்துக் காட்டினார். மறைப்பு நீடித்த நேரத்தில் அக்கணிப்பு 41 நொடி குறைந்தது. அக்காலத்து ஐரோப்பாவில் சிறந்தவையென மதிக்கப்பட்ட தோபியாஸ் மேயரின் அட்டவணைகள் 68 நொடி மிகுந்தன. லெ ழாந்தியே இதனைப் பதிவு செய்துள்ளார்.

அக்கணிதம் நடந்த முறை கவிஞர்க்கு உரியது என்பேன். எழுதுகோலும் தாளும் இல்லை. தரையில் பரப்பிய சோழிகளும் நெஞ்சில் நின்ற வாக்கியங்களுமே கருவி. கலியுகத் தொடக்கத்திலிருந்து கழிந்த நாள்களை எடுத்துக்கொண்டு, 16,00,984, 12,372, 3,031, 248 என்ற நாட்சுழற்சிகளை முறையே கழித்துச் செல்வர். எஞ்சிய எண், 248 வாக்கியங்களுள் எது அன்றைய நிலவின் இருப்பிடத்தைச் சொல்லும் என்பதைக் காட்டும். சுழற்சிகளின் பெயர்களும் எண்களே. 'தேவரம்' என்பதில் தே 8, வ 4, ர 2. வலமிருந்து இடமாகப் படித்தால் 248. 'கலநிலம்' என்பதில் க 1, ல 3, நி 0, ல 3. அவ்வாறே படித்தால் 3031. இச்சங்கேதத்தில் தகர வரிசையின் நான்கு ஒலிகளுக்கும் நான்கு எண்கள் உண்டு. தமிழ் எழுத்திலோ தகரம் ஒன்றே. ஆகவே தமிழர் வாயில் வழங்கிய இக்கணிதம் கிரந்த எழுத்தின் துணையின்றி நில்லாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இவ்வெண்களின் உட்பொருள் யாது? நிலவு சில நாள் விரைந்தும் சில நாள் தளர்ந்தும் செல்லும். ஒரு விரைவின் உச்சியிலிருந்து அடுத்த உச்சிக்கு ஏறத்தாழ 27.55 நாள். அத்தகைய 9 சுற்று 248 நாளுக்கும், 110 சுற்று 3,031 நாளுக்கும் மிக நெருங்கி வரும். விண்மீன்களிடையே ஒரு முறை சுற்றிவர நிலவுக்கு ஆவதோ 27.32 நாள். இவ்விரண்டும் வேறுபடுவதன் பொருள், விரைவு மிகும் இடமே வானில் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதாகும்.

அது ஏன் நகர்கிறது என்று சோழி கேட்பதில்லை. இங்கே இயக்கத்தை அறிவதும் விசையை அறிவதும் பிரிகின்றன. ஆடியில் செங்கழுநீரம்மன் தேர் நம் ஊரில் ஓடுகிறது. பிரெஞ்சு ஆட்சியில் ஆளுநர் வடம்பிடித்துத் தொடங்கிய வழக்கம் இன்றும் துணைநிலை ஆளுநரால் தொடர்கிறது. பல்லாண்டு தேர் பார்த்த முதியவர், எந்த நாழிகையில் தேர் எந்த மூலையில் திரும்பும் என்று வீட்டிலிருந்தே சொல்வார். வடத்தை அவர் காண வேண்டியதில்லை. நியூட்டன் 1687இல் வெளியிட்ட நூல் தேடியது வடத்தை. நிற்கும் தேரை அசைக்கவும், ஓடும் தேரை நிறுத்தவும், திருப்பவும் விசை வேண்டும். சீராகச் செல்வதற்கு வேண்டியதில்லை என்றார் அவர். மணலும் அச்சும் உராய்ந்து தடுப்பதனாலேயே நாம் ஓயாது இழுக்கிறோம். நிலவுக்கு உராயும் தெருவில்லை. ஆகையால் அதன் வடம் செல்லும் திசையில் இல்லை. குறுக்கே, புவியை நோக்கி இருக்கிறது. அவ்விழுப்பு நிலவை முன்னே தள்ளுவதன்று, வழியை வளைப்பது. கதிரவனும் ஒருபுறம் இழுப்பதால் அவ்வளைவு ஆண்டுதோறும் திரும்பிக்கொண்டே போகிறது.

வியப்பு இதில்தான். நியூட்டனின் நூலில் அந்நகர்வுக்குக் கிடைத்த விடை உண்மையில் ஏறத்தாழப் பாதி. கிளேரோ என்ற பிரெஞ்சுக் கணிதர் ஈர்ப்பு விதியையே திருத்த வேண்டுமோ என்று 1747இல் ஐயுற்றார்; 1749இல் கணக்கை முழுமையாகச் செய்த பின் விதி சரியே, கணக்குத்தான் குறை என்று கண்டார். வடத்தைக் கண்டவர்கள் மூலையை எட்ட அறுபத்திரண்டு ஆண்டு ஆயிற்று. அந்த மூலை புதுச்சேரிச் சோழிகளில் முன்பே இருந்தது.

இதைக் கொண்டு மேடையில் மார்தட்டுவோர்க்கு இரண்டு செய்திகள். 248, 3031 என்ற இதே நாள் எண்கள் எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரசு ஏடொன்றிலும் உள்ளன; 1952இல் 'தமிழ் வானியல்' என்று தலைப்பிட்டே கட்டுரை எழுதிய ஓட்டோ நாய்கெபவர் இவ்வொற்றுமையை ஆராய்ந்துள்ளார். மதுச்சாடி வந்த கடல்வழியே எண்ணும் போய்வந்திருக்கலாம் என்று அரிக்கமேட்டுக்காரர்க்குத் தோன்றாமல் இராது. சாடிக்கு ஓடு கிடைக்கும், எண்ணுக்குக் கிடைப்பதில்லை.

மற்றொன்று, பேச்சாளர்கள் 41 நொடியைச் சொல்லி அங்கேயே நின்றுவிடுகின்றனர். சென்னை வானாய்வகத்தில் பணிபுரிந்து, பின் புதுச்சேரியில் வாழ்ந்து 1830இல் இங்கேயே மறைந்த ஜான் வாரன், 1825இல் 'கால சங்கலித' என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் அவ்வாண்டு மே 31, சூன் 1 இரவின் நிலவு மறைப்பைச் சோழியால் கணித்ததை அதில் விவரிக்கிறார். அவர் பெயரை வாரனின் ரோமன் எழுத்துவழிப் படித்தால் 'சாமி நாடன் சாஷியா' என வருகிறது. சாமிநாதன் அதற்குள் தெளிவாகக் கேட்கிறார். அக்கணிப்பு தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழைத்தது. அவர்க்கு வானியற் கோட்பாட்டில் ஒரு சொல்லும் விளங்காது, நினைவாற்றல் மட்டுமே உண்டு என்றார் வாரன். இத்தீர்ப்பு எனக்கு உடன்பாடன்று. பல நூற்றாண்டுப் பார்வையின் பயனை ஒரு மனிதன் நெஞ்சில் சுமப்பதை வெறும் மனப்பாடம் என்பது பாடம் ஓதுவோர் மரபையே அறியாதார் கூற்று. ஆயினும் பிழை பிழையே. எண் முதுமையடையும், அவ்வப்போது வானோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். கேரளத்துப் பரமேசுவரர் நெடுங்காலம் கிரகணங்களைக் கண்டு 1431இல் அவ்வாறு திருத்தினார்.

நம் மொழியிலும் இக்குழப்பத்தின் தடம் உண்டு. 'விசையாய் ஓடினான்' என்றால் விரைவு. பள்ளிப் பாடநூலில் விசை என்றால் விரைவு அன்று, விரைவையோ திசையையோ மாற்றுவது. விரைவுக்கே விசை வேண்டும் என்று அரிசுடாட்டில் எண்ணியதும் இதே மயக்கந்தான். ஒன்பதாம் வகுப்பு மாணவர் இச்சொல்லில் தடுக்கி விழுவதற்கு அவர் அறிவு காரணமன்று. வழக்குச் சொல்லின் பழைய பொருள் காலைப் பிடிக்கிறது. ஆசிரியர் அப்பழம்பொருளை முதலில் சொல்லிப் பிரித்துக் காட்டினால் போதும்.

சோழிகள் மறைந்தன, வாக்கியம் மறையவில்லை. சனிப்பெயர்ச்சி திருக்கணித முறையில் 2025 மார்ச் 29 அன்று நிகழ்ந்தது. நம் புதுவை ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த திருநள்ளாற்றுக் கோயில் அன்று விழா எடுக்கவில்லை; தாங்கள் வாக்கியப் பஞ்சாங்கத்தையே பின்பற்றுவதாகவும், அதன்படி பெயர்ச்சி 2026இல்தான் என்றும் அறிவித்தது.