கல்லூரி மண்டபத்தில் பிறந்த பொதுமேடை

ஒரு நகரத்தின் அறிவு வளர்ச்சியை அளந்தறிய விரும்புவோர், அந்நகரத்தில் எத்தனை நூல்கள் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன என்று எண்ணிப் பார்ப்பது வழக்கம். அது வேண்டுவதே, ஆயினும் அது மட்டும் போதாது. அந்நூல்களைக் கற்றவர் ஒன்றுகூடி, தாம் கற்றதை அச்சமின்றி எடுத்துரைக்கவும், பிறர் உரைப்பதைப் பொறுமையுடன் கேட்கவும் ஓர் இடம் அமைந்ததா என்பதையும் உடன் ஆராய்தல் வேண்டும். நாம் குடிபுகுந்து வாழும் இக்கல்கத்தா மாநகரத்தில் அத்தகைய இடம் எவ்வாறு தோன்றிற்று, அதற்கு நேர்ந்த சோதனை யாது என்பதை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

அதிகாரிகளின் நூல்கள் மக்களிடம் வந்தமை

கும்பெனி ஆட்சியின் இளம் அதிகாரிகளுக்கு இந்நாட்டு மொழிகளைக் கற்பிக்கும் பொருட்டு, கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபு 1800-இல் வில்லியம் கோட்டைக் கல்லூரியை நிறுவினார். அக்கல்லூரியின் நூலகம் நாளடைவில் பெருகியது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், திப்பு சுல்தானின் ஏட்டுச்சுவடிகளிற் பல அங்கு வந்து சேர்ந்தன. ஆயினும் அச்செல்வம் ஆள்வோர்க்கே உரியதாய் இருந்தது.

1835-ஆம் ஆண்டில் இந்நிலை மாறத் தொடங்கிற்று. அவ்வாண்டு தற்காலிகக் கவர்னர் ஜெனரலாக இருந்த சார்லஸ் மெட்காஃப், பத்திரிகைகளுக்கு இருந்த தளைகளை நீக்கிச் சட்டம் செய்தார். ஆகஸ்டு மாதத்தில் நகர மண்டபத்தில் கூடிய பொதுமக்கள், கல்கத்தாவுக்கு ஒரு பொது நூலகம் வேண்டும் என்று தீர்மானித்தனர். அம்முயற்சிக்கு மெட்காஃப் துணைநின்று, வில்லியம் கோட்டைக் கல்லூரி நூலகத்திலிருந்து 4,675 நூல்களை வழங்கினார். 1836-இல் கல்கத்தாப் பொது நூலகம் திறக்கப்பெற்றது. ஒருசேர 300 ரூபாய் செலுத்தியோர் அதன் உரிமையாளர் எனப் பெற்றனர். அவர்களுள் முதல்வர் துவாரகநாத் தாகூர். அந்நாளில் 300 ரூபாய் பெருந்தொகையாதலின், ஏழை மாணவர் முதலியோர் குறித்த காலம் வரை கட்டணமின்றிப் படிக்கவும் இடமளிக்கப்பட்டது.

நூலகத்துக்குத் தொடக்கத்தில் சொந்த இடம் இல்லை. டாக்டர் ஸ்டிராங் என்பவரது இல்லத்தின் கீழ்த்தளத்தில் சில ஆண்டுகள் இயங்கி, 1841-இல் வில்லியம் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்துக்கு மாறிற்று. 1844-இல்தான் மெட்காஃபின் நினைவாக எழுந்த மெட்காஃப் மண்டபத்தில் நிலைபெற்றது.

பகலில் நூலகம், மாலையில் மேடை

இந்நூலகத்தில் துணை நூலகராக அமர்ந்து, 1848-இல் நூலகராக உயர்ந்தவர் பியாரீசந்த் மித்திரர். இவர் இந்துக் கல்லூரியில் பயின்றவர். அக்கல்லூரியில் ஆசிரியராக இருந்த டெரோசியோ என்னும் இளைஞர், எதனையும் ஆராய்ந்து பார்த்தே ஏற்க வேண்டும் என்னும் எண்ணத்தைத் தம் மாணவர் உள்ளத்தில் ஊன்றியிருந்தார். அதனைப் பொறாத நிர்வாகத்தினரின் எதிர்ப்பால் 1831 ஏப்ரலில் பதவி துறந்து, அவ்வாண்டு டிசம்பரில் தம் இருபத்திரண்டாம் வயதில் மறைந்தார். ஆசிரியர் மறைந்தாலும் அவர் ஏற்றிய விளக்கு அணைந்திலது.

அவர்வழி நின்ற இளைஞர்கள் 1838 மார்ச்சு 12-ஆம் நாள் சமஸ்கிருதக் கல்லூரி மண்டபத்தில் கூடி, பொது அறிவு ஈட்டுதற்கென ஒரு சங்கத்தை நிறுவினர். தாராசந்த் சக்கரவர்த்தி தலைவரானார். ராம்தனு லாஹிரியும் பியாரீசந்த் மித்திரரும் செயலாளராயினர். பகலில் பொது நூலகத்தில் நூல்களைப் பேணியவரே மாலையில் சொற்பொழிவுக் கூட்டங்களுக்கு ஏற்பாடு செய்தார் என்பது கருதத்தக்கது. அவருக்கு இவ்விரண்டும் ஒரே தொண்டின் இரு கூறுகளாயின.

அச்சங்கத்தில் நிகழ்ந்த பேச்சுக்களின் பரப்பு வியப்பைத் தருவது. கிருஷ்ணமோகன் பானர்ஜி சீர்திருத்தம் பற்றி உரையாற்றினார். மகேஷ்சந்திர தேவ் 1839-இல் இந்துப் பெண்களின் இழிநிலையை எடுத்துக்காட்டினார். சிட்டகாங், திப்பெரா முதலிய மாவட்டங்களின் நில இயல்பு ஆராயப்பட்டது. தாய்மொழியாகிய வங்காளத்தை முறையாகப் பயிலுதல் வேண்டும் என்னும் கருத்தும் அம்மேடையில் ஒலித்தது. உறுப்பினர் படித்த கட்டுரைகள் தேர்ந்தெடுக்கப்பெற்று 1840 முதல் 1843 வரையில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. 1843 அளவில் உறுப்பினர் தொகை ஏறத்தாழ இருநூறாயிற்று.

இவர்களிடம் குறையே இல்லை என்று கூறுவதற்கில்லை. பெரும்பாலான பேச்சுக்கள் ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தன. பெண்களின் நிலை பேசப்பட்டதேயன்றி, பேசுவோர் வரிசையில் பெண்களுக்கு இடம் இல்லை. மண்டபத்தின் கதவு திறந்ததாயினும், அதன் வாயிலை அடையும் வழி கற்ற சிலருக்கே தெரிந்திருந்தது.

1843 பிப்ரவரி 8

சோதனை 1843-இல் வந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் நடந்த கூட்டத்தில், தட்சிணாரஞ்சன் முகர்ஜி என்பார் வங்காள மாகாணத்தில் கும்பெனியாரின் குற்றவியல் நீதிமன்றங்களும் போலீசும் இருந்த நிலை குறித்து ஒரு கட்டுரை படித்தார். குடிமக்கள் நீதி பெறமாட்டாது அல்லலுறுவதை அவர் மறைக்காமல் எடுத்துரைத்தார்.

கூட்டத்திற்கு வந்திருந்த கேப்டன் டி. எல். ரிச்சர்ட்சன் இடைமறித்தார். அவர் இந்துக் கல்லூரியின் முதல்வர், கவிஞர், ஷேக்ஸ்பியரைச் சுவைபடப் பயிற்றுவதில் புகழ்பெற்றவர். அரசாங்கத்தின் ஆதரவில் நடக்கும் கல்லூரியின் மண்டபம் இராஜத் துரோகத்தின் குகையாவதைத் தாம் பொறுக்க இயலாது என்னும் கருத்தில் அவர் கடிந்துரைத்தார்.

தலைவர் தாராசந்த் சக்கரவர்த்தி அஞ்சினாரல்லர். இம்மண்டபம் கல்லூரிக் குழுவினரிடம் முறைப்படி இசைவு கேட்டுப் பெறப்பட்டதேயன்றி முதல்வரின் தனிப்பட்ட தயவினால் கிடைத்ததன்று என்றும், முதல்வர் அன்று விருந்தினராக வந்தவரே என்றும், உறுப்பினர் ஒருவர் தம் கருத்தைக் கூறுங்கால் தடுக்க அவருக்கு உரிமை இல்லை என்றும் அவர் தெளிவுறுத்தினார். சொன்ன சொற்களைத் திரும்பப் பெறாவிடில் கல்லூரிக் குழுவுக்கும், வேண்டுமாயின் அரசாங்கத்துக்கும் முறையிடுவோம் என்றும் கூறினார்.

அக்காட்சியை உள்ளத்திற் கொண்டு பாருங்கள். அரசியற் கட்சிகள் தோன்றாத காலம். தேர்தல் இல்லை, சட்டமன்றம் இல்லை. ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒரு கல்லூரி முதல்வரை நோக்கி, ஆளப்படும் இனத்தைச் சேர்ந்த ஒருவர் நீர் இங்கு விருந்தினர் என்று அமைதியாக எடுத்துரைக்கின்றார். அவர் குரல் உயர்த்தவில்லை. கூட்டம் நடத்தும் முறையையே தமக்குக் கேடயமாகக் கொண்டார். ரிச்சர்ட்சனையும் நாம் தீயவராகக் கருத வேண்டுவதில்லை. இலக்கியம் பேசுங்கால் மாணவருடன் தடையின்றி ஒன்றிய உள்ளம், ஆட்சியைப் பற்றிய பேச்சு எழுந்தவுடன் திடுக்கிட்டது. கல்வி எந்த எல்லை வரை செல்லலாம் என்பதில் இரு சாராரும் கொண்ட வேறுபாடே அன்று வெளிப்பட்டது.

மேடை இடம் மாறிற்று

அந்நிகழ்ச்சிக்குப் பின் சங்கத்தின் கூட்டங்கள் கல்லூரியை விட்டு, சித்பூர்ச் சாலையை அடுத்த பௌஜ்தாரி பாலாகானா என்னும் இடத்திற்கு மாறின. தட்சிணாரஞ்சனின் கட்டுரை மார்ச்சு மாதத்தில் 'பெங்கால் ஹர்காரு' இதழில் அச்சாகியது. ஆகவே, மண்டபத்தில் இருந்தோர் மட்டுமே கேட்டிருக்கக்கூடிய அவ்வுரையை, தடையின் பின்னர் நகரமே படிக்க நேர்ந்தது. துவாரகநாத் தாகூருடன் இங்கிலாந்திலிருந்து வந்த ஜார்ஜ் தாம்சனின் சொற்பொழிவுகள் இவ்விளைஞருக்கு மேலும் ஊக்கமளித்தன. 1843 ஏப்ரல் 20-இல் வங்காளப் பிரிட்டிஷ் இந்தியச் சங்கம் தோன்றிற்று. கல்லூரி மண்டபத்தில் முளைத்த வித்து இவ்வாறு அரசியல் மேடையாகக் கிளைத்தது.

தட்சிணாரஞ்சன் பேச்சோடு நின்றவரல்லர். பெதூன் 1849-இல் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியபோது, அதற்கு நிலம் வழங்கியவர் அவரே. பியாரீசந்தரோ, 1851-இல் மருத்துவக் கல்லூரியில் தோன்றிய பெதூன் சங்கத்தின் செயலாளரானார். அங்கு இந்தியரும் ஐரோப்பியரும் ஒருங்கமர்ந்து உரை கேட்டனர். ஒரு கல்லூரி மூடிய கதவை மற்றொரு கல்லூரி திறந்தது எனலாம். மேலும் அவர், எளிய மக்களும் பெண்களும் படித்தறியுமாறு பேச்சு வழக்கிற்கு நெருங்கிய நடையில் எழுதினார். அவரது 'ஆலாலேர் கரேர் துலால்' 1858-இல் நூலாக வெளிவந்தது. முன்னர் நாம் சுட்டிய குறையை அவரே உணர்ந்து நீக்க முயன்றார் என்பதற்கு இது சான்றாகும்.

நமக்குரிய பங்கு

கல்கத்தாப் பொது நூலகத்தின் நூல்களும் அரசாங்க நூலகங்களின் நூல்களும் ஒன்றாக்கப்பட்டு, 1903 ஜனவரி 30-இல் கர்சன் பிரபுவால் இம்பீரியல் நூலகம் மெட்காஃப் மண்டபத்தில் திறக்கப்பெற்றது. விடுதலைக்குப்பின் 1948-இல் அது தேசிய நூலகம் ஆகி, 1953 பிப்ரவரி 1-இல் பெல்வெடேர் மாளிகையில் மௌலானா அபுல் கலாம் ஆசாதால் திறந்துவைக்கப்பெற்றது. அந்நாளில் அதன் தலைமை நூலகராக இருந்தவர் சென்னை மயிலாப்பூரில் பிறந்த பி. எஸ். கேசவன். தமிழ் லெக்ஸிகன் பதிப்பாசிரியராகிய ச. வையாபுரிப் பிள்ளையவர்கள் அரிதின் ஈட்டிய நூல்களும் சுவடிகளும் அங்கேயே சேர்ந்துள்ளன. 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இந்நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு தமிழ் நூலின் படியும் அங்கு வந்து சேர்தல் வேண்டும். ஆதலின், தாய்நிலத்தை விட்டு நெடுந்தொலைவில் வாழ்கின்றோம் என்று நாம் ஏங்குதல் வேண்டா. தமிழ்ச் செல்வத்தின் ஒரு பெரும் பகுதி நம் இல்லங்களிலிருந்து சிறிது தொலைவிலேயே உள்ளது.

ஆயின், நூல்கள் அருகில் இருத்தல் வேறு. அவை நம் வாழ்வில் கலத்தல் வேறு. நம் சங்கத்தில் அலமாரியும் உண்டு. கூடிப் பேசும் இடமும் உண்டு. ஒரு நூலைப் படித்த இளைஞன் எழுந்து நின்று, பெரியோர் ஏற்றுக்கொள்ளாத ஒரு கருத்தைச் சொல்ல முற்படும்போது நாம் அவனை இடைமறிக்கின்றோமா, அன்றி முடியும்வரை கேட்டு மறுமொழி கூறுகின்றோமா என்பதே கேள்வி. பெண்மக்களும் சிறாரும் அம்மேடையில் ஏறுகின்றார்களா என்பதும் உடன் எழுங் கேள்வியாகும். தாராசந்த் சக்கரவர்த்தி அன்று காத்தது ஒரு கட்டுரையை மட்டுமன்று. கேட்டு முடித்தபின் தீர்ப்பளிக்கும் பண்பையும் அவர் காத்தார். அப்பண்பு நிலைபெறும் இடத்தில் சிறு அலமாரியும் பெரிய நூலகமாகும்.