கயிலாய யாத்திரை: பேறும் இடரும்

கயிலாய யாத்திரை என்பது சீன ஆட்சிக்கு உட்பட்ட மேற்குத் திபெத்தில் உள்ள கயிலை மலையை வலம்வந்து மானசரோவர் ஏரியில் தீர்த்தமாடும் வழிபாட்டுப் பயணம். மலையின் உயரம் 6,638 மீட்டர். உச்சியில் மனிதர் ஏறியதற்குச் சான்று இல்லை. சைவர்களுக்கு இது சிவன் உறையும் இடம். சமணர்களுக்கு முதல் தீர்த்தங்கரர் ரிஷபதேவர் வீடுபேறு அடைந்த அஷ்டாபதம். திபெத்திய பௌத்தர்களும் போன் சமயத்தாரும் இதைத் தொழுகிறார்கள். போன் சமயத்தார் இடமாகச் சுற்றுவார்கள். சுற்றுப்பாதை சுமார் 52 கிலோமீட்டர்; பெரும்பாலோர் மூன்று நாளில் முடிக்கிறார்கள்.

தேவாரம் இதை நொடித்தான்மலை என்கிறது. சுந்தரர் வெள்ளை யானை மீது கயிலை சென்றார் என்றும் காரைக்கால் அம்மையார் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் ஏறினார் என்றும் மரபு. ஆனால் பயணத்தின் வலியை விரிவாகச் சொல்வது அப்பர் கதைதான். பெரியபுராணத்தின்படி, இன்றைய திருப்பதி மாவட்டத்தில் உள்ள காளத்தியை வணங்கி நின்றபோதுதான் அவருக்கு வடகயிலை காணும் வேட்கை எழுந்தது. காசியையும் கடந்து போகையில் கால் தேய்ந்தது. கையால் தவழ்ந்தார், மார்பால் நகர்ந்தார், கடைசியில் உடம்பு முழுவதும் ஓய்ந்தது. இந்த உடலோடு அங்கே போக முடியாது, திரும்பு என்று முனிவர் வடிவில் வந்த சிவன் சொல்லியும் அவர் கேட்கவில்லை. பின்பு ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சி பெற்றார். ஆடி அமாவாசையில் திருவையாற்றில் நடக்கும் விழா இதை ஒட்டியது. போய்ச் சேராதவருக்கும் பலன் உண்டு என்று சொல்லும் இந்தக் கதையை யாத்திரைக்குக் கிளம்புவோர் பலர் பாதிதான் நினைவில் வைக்கிறார்கள்.

ஒருமுறை வலம்வந்தால் ஒரு பிறவியின் பாவம் தீரும், 108 முறை வந்தால் விடுதலை என்பது திபெத்திய நம்பிக்கை. குதிரை ஆண்டில் ஒரு சுற்று பதின்மூன்று சுற்றுக்குச் சமம் என்பார்கள்; 2026 அத்தகைய ஆண்டு. தமிழ் யாத்திரிகர்கள் ஏரிக்கரையில் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்து, தீர்த்தத்தைப் பாட்டிலில் பிடித்து ஊருக்குக் கொண்டுவருகிறார்கள்.

இடர்களில் முதன்மையானது உயரம். ஏரியே ஏறத்தாழ 4,590 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுற்றுப்பாதையின் உச்சமான டோல்மா கணவாய் சுமார் 5,630 மீட்டர். அங்கே காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியாகிவிடுவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் குறைகிறது. திருப்பதிக்காரர்கள் அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் 3,550 படிகளை மூச்சு வாங்காமல் ஏறியதை உடல் தகுதிக்கு அத்தாட்சியாகச் சொல்வதுண்டு. அது காலின் வலுவைக் காட்டுமே தவிர வேறில்லை. திருமலை 1,000 மீட்டருக்கும் கீழே. உயரமலை நோய் தொடங்குவதோ பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான். நல்ல உடற்பயிற்சி உள்ள இளைஞரையும் அது விடுவதில்லை.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, பசியின்மை முதல் அறிகுறிகள். முற்றினால் மூளை வீங்கி நடை தள்ளாடும், பேச்சு குழறும். அல்லது நுரையீரலில் நீர் கோத்து, படுத்திருக்கும்போதே மூச்சு இரைக்கும். இரண்டும் உயிரைப் பறிப்பவை. குதிகாலை மற்றக் காலின் விரல்நுனியோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் மூளை வீக்கத்தை ஓரளவு கண்டுகொள்ளலாம். ஆக்சிஜன் சிலிண்டரும் மருந்துகளும் நேரம் வாங்கித் தரும். உண்மையான மருத்துவம் உடனே கீழே இறக்குவது. 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல், இடையிடையே ஓய்வுநாள் விடுவது தடுப்பு முறை. அசிட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும்.

பாதை வசதியாக ஆக ஆக இந்த ஆபத்து கூடுகிறது. 1981-இல் இந்திய அரசு தொடங்கிய லிபுலேக் கணவாய் வழியில் பல நாள் நடக்க வேண்டியிருந்ததால் உடல் தானாகப் பழகியது. நேபாள வழியில் நேபாள்கஞ்ச் சமவெளியிலிருந்து விமானத்தில் சிமிகோட், ஹெலிகாப்டரில் ஹில்சா எனச் சுமார் 3,600 மீட்டரை இரண்டொரு நாளில் எட்டிவிடலாம். அதற்குள் உடல் பழகிவிடாது. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று தலைவலியை மறைப்பதும், விரதமென்று நீரும் உணவும் குறைப்பதும், அங்கே இறந்தால் முக்தி என்று நம்புவதும் சேரும்போது வழிகாட்டிக்கு நோய் தெரியவருவதே தாமதமாகிறது.

மலைப்பாதைக்கு வேறு அபாயங்களும் உண்டு. 1998 ஆகஸ்டில் லிபுலேக் வழியில் மால்பா என்ற இடத்தில் நிலச்சரிவு இரவோடு இரவாக 200-க்கும் மேற்பட்டோரைப் புதைத்தது. அவர்களில் ஏறத்தாழ 60 பேர் யாத்திரிகர்கள், நடனக் கலைஞர் புரோதிமா பேடி ஒருவர். 2018 ஜூலையில் வானிலை கெட்டு ஹெலிகாப்டர்கள் நின்றதால் சிமிகோட், ஹில்சா, திபெத் பகுதிகளில் 1,500 பேர் அளவில் இந்தியர்கள் சிக்கினர்.

இந்திய வெளியுறவு அமைச்சகம் நடத்தும் பயணத்துக்கு வயது 18 முதல் 70 வரை, உடல் நிறைக் குறியீடு 25-க்கு மிகாமை, தில்லியில் மருத்துவச் சோதனை என்ற நிபந்தனைகள் உண்டு. கொரோனாவால் 2020-இல் நின்ற இப்பயணம் 2025-இல் லிபுலேக், நாதூ லா வழிகளில் மீண்டும் தொடங்கியது. தனியார் ஏற்பாடுகளில் இத்தனை கெடுபிடி பெரும்பாலும் இருப்பதில்லை. தமிழ்நாடு அரசு 2012 முதல் மானசரோவர், முக்திநாத் யாத்திரைகளுக்கு மானியம் தருகிறது. அது அம்மாநிலத்தில் வசிப்போருக்கானது என்பதால் எல்லை தாண்டி ஆந்திரத்தில் உள்ள சித்தூர் மாவட்டத் தமிழர்களுக்குக் கிடைக்காது. நேபாளம் வழியே போவோருக்குச் சீன விசா பொதுவாகக் குழுவாகவே வழங்கப்படுகிறது. நோயுற்றவர் தனியே திரும்ப வேண்டுமானால் அந்தக் குழு விசாவைப் பிரிக்கத் தனி அனுமதி வேண்டும். ஹெலிகாப்டர் மீட்பையும் உயரமலை நோயையும் உள்ளடக்கிய காப்பீடு இருக்கிறதா என்று புறப்படும் முன்பே பார்த்துக்கொள்வது அவசியம்.