குறைந்த கைமுதலும் முழுக் கைமுதலும்: இணையப் போக்கரின் ஒரு பழைய வழக்கு

போக்கரில் 'டேபிள் ஸ்டேக்ஸ்' எனப்படும் விதி, 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சூதாட்ட மேசைகளில் வேரூன்றியது. அதன்படி, ஆட்டம் நடக்கையில் ஒருவர் தம் முன்னால் உள்ள பணத்துக்கு மேல் கட்ட முடியாது. எதிராளி அதைவிடப் பெருந்தொகை கட்டிவிட்டார் என்பதற்காக அவர் விலக வேண்டியதும் இல்லை. செல்வர் தம் பணபலத்தாலேயே எளியவரை மிரட்டி எழுப்பிவிடாதபடி காத்த இவ்விதியே, பிற்காலத்தில் இணைய மேசைகளில் நீண்ட சச்சரவுக்கு வித்திட்டது.

1998 ஜனவரியில் பிளானட் போக்கர் தளம் உண்மைப் பணத்துக்கு ஆட்டம் தொடங்கியபோது இச்சிக்கல் எழவில்லை. அன்றைய ஆட்டங்களில் பந்தயத் தொகை வரையறுக்கப்பட்டிருந்ததால், மேசைக்குக் கொண்டுவரும் பணமான கைமுதலின் அளவு பெரிய பொருட்டாகவில்லை. 2003இல் இணையத் தகுதிச்சுற்று வழியே வந்த கிறிஸ் மணிமேக்கர் உலகப் போட்டியில் வென்று 25 லட்சம் டாலர் பெற்றபின், வரம்பற்ற பந்தயம் கொண்ட 'நோ லிமிட் ஹோல்டெம்' ஆட்டத்துக்குக் கூட்டம் திரண்டது. அங்கே, சீட்டுப் பார்க்குமுன் கட்டாயமாகக் கட்டும் 'பெரிய பிளைண்ட்' தொகையே அளவுகோலாக இருந்தது. பல தளங்களில் குறைந்தது 20, அதிகபட்சம் 100 பிளைண்டுகளுடன் உட்காரலாம்.

2005இல் எட் மில்லர் தொடக்கநிலையினருக்கு எழுதிய நூல், குறைந்த கைமுதலையே பரிந்துரைத்தது. இதற்குக் கணக்கு உண்டு. ஒருவர் 3 பிளைண்டுக்கு உயர்த்தி, பெரிய பிளைண்டில் இருப்பவர் மட்டும் ஈடுகட்டினால் நடுவில் 6.5 பிளைண்டு சேரும். 20 உடன் வந்தவரிடம் மிஞ்சும் 17, அதன் மூன்று மடங்கைக்கூட எட்டாது. 100 உடன் வந்தவரின் 97 ஏறத்தாழ பதினைந்து மடங்கு. 2007இல் மில்லரும் இரு கூட்டாசிரியர்களும் விளக்கிப் பரப்பிய இவ்விகிதம் சிறிதாயின், முடிவுகள் சிலவே. நல்ல சீட்டு வந்தால் முழுவதையும் கட்டிவிட வேண்டியதுதான். ஆழ்ந்த கைமுதலுக்கோ, அடுத்தடுத்த சுற்றுகளில் எதிராளியைப் படிக்கும் திறன் தேவை.

ஆனால் உண்மையான இலாபம் வேறிடத்தில் இருந்தது. குறைந்த கைமுதலுடைய சிறியவர் தம் முழுப்பணத்தையும் கட்டிய பின், முழுக் கைமுதலுடைய பெரியவர் இருவர் அவருக்குப் பங்கில்லாத தனித் தொகைக்காக மோதிக்கொள்ள, அவர்களில் ஒருவர் வெல்லக்கூடிய சீட்டைக்கூடக் கீழே போட்டு விலகுவார். அந்த விலகலின் பலன், ஒரு காசும் கூடுதலாகக் கட்டாத சிறியவருக்கும் கிடைத்தது.

நேரடி அரங்கில் இது சிறு சலுகையே. இணையத்தில் ஒருவரே பல மேசைகளை ஒருசேர ஆடியதாலும், தளங்கள் தாம் பிடித்த கழிவில் ஒரு பங்கைத் திருப்பித் தந்ததாலும் அது தொழிலாயிற்று. கைமுதல் இரட்டித்ததும் எழுந்து, வேறு மேசையில் மீண்டும் 20 உடன் அமர்வோர் பெருகினர். முழுக் கைமுதலினர் இதை ஆட்டத்தைக் கெடுக்கும் செயல் என்றனர். அது அறச்சீற்றத்தைவிட வருமானக் குறை பற்றிய முறையீடு என்பதே பொருந்தும், ஏனெனில் விதி எதுவும் மீறப்படவில்லை.

2010ஐ ஒட்டிப் பெரிய தளங்கள் வழக்கமான மேசைகளின் குறைந்தபட்சத் தொகையை உயர்த்தி, சிறு கைமுதலுக்குத் தனி மேசைகள் ஒதுக்கின. அங்கே எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவில் அமர்ந்ததால், தமக்குப் பின்னும் மோதிக்கொள்ளப் பணமுள்ள பெரியவர்கள் சிறியவருக்கு அரிதாகவே அகப்பட்டனர்.