முன்பண மோசடிக் கடிதம்

முன்பின் அறியாத ஒருவர், பெரும் சொத்தில் பங்கு தருவதாக எழுதி, அது கைக்கு வந்து சேரச் சிறு செலவு ஆகும் என்று சொல்லிப் பணம் கறக்கும் மோசடி. தபாலில் தொடங்கி, டெலக்ஸ், ஃபேக்ஸ் வழியாக மின்னஞ்சலுக்கு வந்து சேர்ந்தது. நைஜீரியக் குற்றவியல் சட்டத்தில் ஏமாற்றிப் பொருள் பெறுவதற்கான பிரிவின் எண்ணைக் கொண்டு '419' என்றும் வழங்கப்படுகிறது. கதை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. வரப்போவது கோடி, இப்போது கட்ட வேண்டியது சில ஆயிரம், வெளியே யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்ற அமைப்பு மாறியதில்லை.

தொடக்கம்

1588இல் ஸ்பானியக் கடற்படை இங்கிலாந்திடம் தோற்ற காலத்துக்கே இந்த மோசடியைக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. அதற்குச் சான்றாக அக்காலத்துக் கடிதம் எதுவும் காட்டப்படுவதில்லை. பழமை சேர்ப்பதற்காகப் பிற்காலத்தார் ஏற்றிச் சொன்னதாகவும் இருக்கலாம்.

பிரெஞ்சுச் சாட்சியம் இதைவிட வலுவானது. குற்றவாளியாக இருந்து பாரிஸ் காவல்துறையின் துப்பறியும் பிரிவுக்குத் தலைவரான யூஜின் பிரான்சுவா விடோக், 1830களில் திருடர்களைப் பற்றி எழுதிய நூலில் 'ஜெருசலேம் கடிதங்கள்' என்ற ஒன்றை விவரிக்கிறார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பிசேத்ர் சிறையில் இருந்த கைதிகள், வெளியூர்ச் செல்வந்தர்களின் முகவரிகளைத் தேடிப் பிடித்து எழுதியவை அவை. எழுதுகிறவர் தன்னை ஒரு பிரபுவின் பணியாள் என்று அறிமுகம் செய்துகொள்வார். எஜமானரோடு நாட்டைவிட்டு ஓடும்போது நகைப் பேழையை ஓரிடத்தில் ஒளித்துவைத்ததாகவும், அதை எடுக்கத் திரும்பி வந்தபோது பிடிபட்டதாகவும், சிறு தொகை அனுப்பினால் இடத்தைச் சொல்வதாகவும் கடிதம் போகும். நூறு கடிதத்துக்கு இருபதுக்காவது பதில் வந்தது என்கிறார் விடோக். சிறைக்குள்ளிருந்து வந்த கணக்கை அப்படியே நம்புவதா என்பது வேறு விஷயம்.

ஸ்பானியக் கைதி

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதே கதை ஸ்பெயினுக்கு இடம் மாறி, 'ஸ்பானியக் கைதி' என்று பெயர் பெற்றது. அமெரிக்கா ஸ்பெயினோடு போருக்குப் போன 1898இல், போர் மூள்வதற்குச் சில வாரங்கள் முன்பு, மார்ச் 20 அன்று, பழைய மோசடி ஒன்று மீண்டும் தலைதூக்குகிறது என்று 'நியூயார்க் டைம்ஸ்' எழுதியது. ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த கியூபாவில் கலகம் நடந்துகொண்டிருந்ததால், ஸ்பானியச் சிறையில் வாடும் அதிகாரி என்ற கதை அப்போது எடுபட்டது.

இந்தக் கடிதங்களில் தெரியும் கைவேலை வியப்பூட்டுவது. ஒவ்வொன்றும் கையால் எழுதப்பட்டது. சிறையிலிருந்து கள்ளத்தனமாக வெளியே வந்தது போன்ற மெல்லிய தாளில், தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தில் இருக்கும். எழுதியவருக்கு ஒரு பெட்டி உண்டு. அது ஏதோ ஒரு ரயில் நிலையத்தில் இருக்கிறது, அல்லது நீதிமன்றம் பறிமுதல் செய்து வைத்திருக்கிறது. பெட்டியின் ரகசிய அறையில் பெரும் பணத்துக்கான சீட்டு. எழுதியவருக்குத் தாயில்லாப் பெண் ஒருத்தியும் உண்டு. பெட்டியை மீட்டு, மகளுக்குப் பாதுகாவலராக இருக்கும்படி கேட்பார். நல்ல மனம் கொண்ட ஒரு பாதிரியார் இடையில் கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பார். பிறகு அந்தப் பாதிரியாரே எழுதுவார்: கைதி இறந்துவிட்டார், பெண் அநாதையாகிவிட்டாள், வழக்குச் செலவைக் கட்டினால் பெட்டி வந்துவிடும். கைது பற்றிய செய்தித்தாள் துண்டு ஒன்றும் உள்ளே இருக்கும். அதையும் அவர்களே அச்சடித்திருப்பார்கள்.

ஏமாந்தவர் ஆசைப்பட்டு மட்டும் போகவில்லை, அந்தப் பெண்ணுக்காகவும் போனார் என்பதை நியூயார்க்கில் அரசு வழக்கறிஞராக இருந்த ஆர்தர் டிரெய்ன் போன்றவர்கள் எழுதிய குறிப்புகளிலிருந்து உணரலாம். பிற்காலக் கடிதங்களில் பெண் மறைந்து கமிஷன் விகிதம் முன்னுக்கு வந்தது. இது கடிதக்கலைக்கு ஓர் இழப்பு என்றே தோன்றுகிறது.

மேற்கு ஆப்பிரிக்கா

நைஜீரியாவில் இத்தகைய முதல் கடிதம் எது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. வரலாற்றாசிரியர் ஸ்டீபன் எல்லிஸ், 1920இல் பி. கிரென்ட்சில் என்பவர் கோல்டு கோஸ்ட்டில் (இன்றைய கானா) இருந்த ஒருவருக்கு எழுதியதை முதல் ஆவணமாகக் காட்டுகிறார். தன்னிடம் மந்திர சக்திகள் இருப்பதாகவும், கட்டணம் செலுத்தினால் அவற்றைப் பயன்படுத்தித் தருவதாகவும் சொன்ன அவர், 'அற்புதங்களின் பேராசிரியர்' என்று கையெழுத்திட்டார். 1921 டிசம்பரில் வழக்குப் பதிவானது. 419ஆம் பிரிவும் அதில் இருந்தது. நீதிபதி அவரை எச்சரித்து விட்டுவிட்டார். இது ஸ்பானியக் கைதியின் வாரிசா, தனியாக முளைத்ததா என்று சொல்வதற்கில்லை.

இதற்கும் 1980களுக்கும் இடைப்பட்ட காலத்திலிருந்து 1940களைச் சேர்ந்த ஒரு கதை கிடைக்கிறது. இளவரசன் என்று சொல்லிக்கொண்டு அமெரிக்கர்களுடன் பேனா நட்பு வளர்த்து, வைரமும் தந்தமும் அனுப்புவதாக வாக்களித்து, பதிலுக்கு நான்கு டாலரும் பழைய கால்சட்டையும் கேட்டவர், விசாரித்தபோது 14 வயதுப் பையனாக இருந்தாராம்.

எண்ணெய் வீழ்ச்சியும் ஃபேக்ஸ் காலமும்

1970களில் நைஜீரியாவில் எண்ணெய்ப் பணம் பெருகியது. 1980களில் எண்ணெய் விலை சரிந்தது. 1986இல் பொருளாதாரக் கட்டமைப்புச் சீர்திருத்தம் வந்ததும் நாட்டின் நாணயமான நைரா மதிப்பிழந்தது. படித்த இளைஞர்களுக்கு வேலை இல்லை. கடிதங்கள் வெளிநாடுகளுக்கு மூட்டை மூட்டையாகப் போகத் தொடங்கியது இந்தப் பின்னணியில்தான். அவற்றில் பலவற்றில் ஒட்டியிருந்த அஞ்சல்தலைகளும் போலி. பொருளாதாரச் சரிவு மட்டுமே காரணமா, ராணுவ ஆட்சிகளின் ஊழல் காட்டிய வழியா என்பதில் ஆய்வாளர்கள் வேறுபடுகிறார்கள்.

அக்காலக் கடிதத்தின் பொதுவான கதை இது. அரசு எண்ணெய் நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் எழுதுகிறார். ஒப்பந்தம் ஒன்றில் தொகையைக் கூட்டிப் போட்டாயிற்று. மிச்சப் பணம் மத்திய வங்கியில் முடங்கிக் கிடக்கிறது. சட்டப்படி அரசு ஊழியர் வெளிநாட்டுக் கணக்கு வைத்திருக்கக் கூடாது. எனவே உங்கள் கணக்கு வேண்டும், முப்பது சதவீதம் உங்களுக்கு. கையெழுத்திட்ட வெற்று லெட்டர்ஹெட் அனுப்புங்கள். சம்மதம் போனதும் வழக்கறிஞர் கட்டணம், வரி, முத்திரைச் செலவு, யாருக்கோ கொடுக்க வேண்டிய 'அன்பளிப்பு' என்று ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொன்றும் இதுதான் கடைசி என்று சொல்லியே வரும். மோசடி தன் பெயரில் நடந்ததால், நைஜீரிய மத்திய வங்கியே 1990களில் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் எச்சரிக்கை விளம்பரம் கொடுக்க நேர்ந்தது.

இந்தக் கடிதத்தில் ஒரு தந்திரம் உண்டு. கள்ளப்பணத்தில் பங்கு கேட்டவர் ஏமாந்த பிறகு போலீசுக்குப் போகத் தயங்குவார்.

கதைகள் முழுப் பொய்யாக இல்லாததும் ஒரு பலம். 1993 முதல் 1998இல் இறக்கும்வரை நாட்டை ஆண்ட சானி அபாச்சா உண்மையிலேயே நூற்றுக்கணக்கான கோடி டாலர்களைச் சுருட்டினார். அதில் ஒரு பகுதியை ஸ்விட்சர்லாந்து பின்னர் திருப்பித் தந்தது. அதனால் அவர் மனைவி பெயரில் வந்த கடிதம், செய்தித்தாள் படிப்பவருக்கும் நடக்கக்கூடியதாகத் தெரிந்தது.

ஏமாந்தவர்கள் எல்லாரும் விவரம் தெரியாதவர்கள் என்ற எண்ணத்தை நொறோஎஸ்டே வங்கி வழக்கு உடைக்கிறது. 1995க்கும் 1998க்கும் இடையே இம்மானுவேல் நுவூதே என்பவர் நைஜீரிய மத்திய வங்கி ஆளுநர் போல நடித்து, அபுஜாவில் கட்டப்படாத ஒரு விமான நிலையத்தை அந்தப் பிரேசில் வங்கியின் இயக்குநர் நெல்சன் சகாகுச்சியிடம் விற்றார். போனது சுமார் 24 கோடியே 20 லட்சம் டாலர். வங்கியை வாங்க வந்த ஸ்பெயினின் சான்டான்டேர் கணக்கைப் பார்த்தபோதுதான் ஓட்டை தெரிந்தது. நைஜீரியாவின் பொருளாதார, நிதிக் குற்றத் தடுப்பு ஆணையம் தொடுத்த வழக்கில் நுவூதேவுக்கு 2005இல் 25 ஆண்டு சிறை கிடைத்தது.

மின்னஞ்சலும் சிரிப்பும்

இலவச மின்னஞ்சல் வந்த பிறகு தபால்தலைச் செலவும் போயிற்று. லாகோஸ் பிரௌசிங் சென்டர்களில் இரவு முழுக்கக் கடிதம் அனுப்பிய இளைஞர்களை 'யாஹூ பாய்ஸ்' என்று ஊரார் அழைத்தனர். உலகம் முழுக்க இன்பாக்ஸ்களில் ஒரே குரல் கேட்கத் தொடங்கியது. முழுதும் பெரிய எழுத்தில் தலைப்பு, 'கிறிஸ்துவுக்குள் பிரியமானவரே' என்ற விளிப்பு, புற்றுநோயால் படுத்திருக்கும் விதவை, வாரிசில்லாமல் விமான விபத்தில் இறந்த செல்வந்தர். வங்கி மேலாளர் என்று கையெழுத்து இருக்கும், முகவரி ஜிமெயிலோ யாஹூவோ. அனுப்பிய முகவரி ஒன்று, பதில் போட வேண்டிய முகவரி வேறு. இவற்றைக் கண்டதும் படித்தவர்கள் சிரிக்கப் பழகினர். நோபலைக் கேலி செய்யும் இக்நோபல் விருதுகளில் 2005ஆம் ஆண்டு இலக்கியத்துக்கானது, வளமான பாத்திரங்களைக் கொண்ட சிறுகதைத் தொடரை லட்சக்கணக்கானோரிடம் கொண்டுசேர்த்ததற்காக நைஜீரியாவின் இணையத் தொழில்முனைவோருக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டு நைஜீரிய நகைச்சுவை நடிகர் நிகெம் ஓவோ, ஏமாற்றுகிறவனின் குரலில் 'ஐ கோ சாப் யுவர் டாலர்' என்ற பாடலைப் பாடினார். அங்குள்ள ஒலிபரப்பு ஆணையம் அதற்குத் தடை விதித்தது.

சிரிப்பு ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்தது. பிரிட்டனைச் சேர்ந்த மைக் பெரி 2003 முதல் இத்தகைய கடிதங்களுக்கு ஏமாந்தவர் போல் பதில் எழுதி, மோசடிக்காரரின் நேரத்தை வீணடித்து, அந்தக் கடிதப் போக்குவரத்தைப் பிறர் படிக்கத் தந்தார். சிற்பக்கலைக்கு உதவித்தொகை தருபவராக நடித்து, கமடோர் 64 கணினியின் விசைப்பலகையை மரத்தில் செதுக்கி அனுப்ப வைத்தது அவற்றில் பெயர் பெற்றது. விசை விசையாகச் செதுக்கிய அந்த மரக்கணினியின் படத்தைப் பார்ப்பவருக்கு, செய்த கையின் திறமை கண்ணில் படாமல் போகாது.

இந்த விளையாட்டு பற்றி எதிர்க்கருத்தும் உண்டு. மோசடிக்காரர் ஒருவரைப் பொய் சொல்லி, போர் நடந்துகொண்டிருந்த சாட் நாட்டின் அபேஷே நகரம்வரை அனுப்பியவர்களைப் பற்றி 2008இல் அமெரிக்க வானொலி நிகழ்ச்சி 'திஸ் அமெரிக்கன் லைஃப்' ஒலிபரப்பியபோது, இது தண்டனையா, கொடுமையா என்ற கேள்வி எழுந்தது. கேலிப் பலகைகளைப் பிடித்து நிற்கச் சொல்லி எடுக்க வைத்த படங்கள் இனவெறியின் தொடர்ச்சியே என்று ஆய்வாளர் லிசா நகமுரா 2014இல் வாதிட்டார். நைஜீரியாவுக்குள்ளிருந்து வந்த பார்வைக்கு அடாஓபி டிரிசியா நுவாபானியின் 2009ஆம் ஆண்டு நாவல் 'ஐ டூ நாட் கம் டு யூ பை சான்ஸ்' முக்கியமானது. வேலை கிடைக்காத பொறியியல் பட்டதாரி, வீட்டுச் சுமை தாங்காமல் மாமனின் மோசடித் தொழிலில் இறங்குவது அதன் கதை.

சிரிக்க முடியாதவர்களும் இந்த வரலாற்றில் இருக்கிறார்கள். 2003 பிப்ரவரியில் பிராக் நகரில், சேமிப்பை முழுதும் இழந்த 72 வயது ஓய்வூதியர் ஒருவர் நைஜீரியத் தூதரகத்துக்குள் புகுந்து, மோசடியில் சம்பந்தமே இல்லாத அதிகாரி மைக்கேல் வாயிட்டைச் சுட்டுக் கொன்றார்.

2012இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மக் ஹெர்லி, இவர்கள் ஏன் இன்னமும் நைஜீரியாவிலிருந்து எழுதுவதாகவே சொல்கிறார்கள் என்று கேட்டார். கடிதம் அனுப்பச் செலவில்லை, பதில் வந்த பிறகுதான் உழைப்பு. பாதிவழியில் சுதாரித்துக்கொள்பவரோடு மல்லுக்கட்டினால் நஷ்டம். ஆகவே சந்தேகப்படுகிறவர் முதல் வரியிலேயே சிரித்துவிட்டு நகர்வது மோசடிக்காரருக்கு லாபம் என்பது அவர் வாதம். இது கணித மாதிரியில் பிறந்த முடிவு, எழுதியவர்களைக் கேட்டறிந்தது இல்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் நகலெடுத்ததே அந்த நடைக்குக் காரணம் என்பாரும் உண்டு. ஆனால் ஹெர்லியின் வாதம் சரியென்றால், சிரித்து நீக்கிய கடிதம் சிரித்தவருக்காக எழுதப்பட்டதே அல்ல. அதே கடிதம் வீட்டில் வேறொருவருக்கு, தனியாக இருக்கும் அப்பாவுக்கோ அத்தைக்கோ, போயிருக்கும். அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பதில்தான் சிரித்தவரின் பங்கு இருக்கிறது.

இந்தியாவில்

பிரிட்டன் லாட்டரி, மென்பொருள் நிறுவனப் பரிசு என்று வந்த மின்னஞ்சல்களுக்குப் பின், இந்திய ரிசர்வ் வங்கியின் பெயரும் முத்திரையும் தாங்கிய கடிதங்கள் பரவின. தனிநபர் எவருக்கும் தான் கணக்கு வைத்திருப்பதில்லை என்று வங்கி பலமுறை அறிவித்தது. வெளிநாட்டு லாட்டரிக்குப் பணம் அனுப்புவதே அந்நியச் செலாவணிச் சட்டப்படி தடை செய்யப்பட்டது என்றும் 2010இல் நினைவூட்டியது.

தமிழ்நாட்டில் இந்தக் கடிதத்தின் நெருங்கிய உறவு இரிடியம் மோசடி. இரிடியம் என்ற அரிய உலோகம் கொண்ட கலசத்தை விற்ற பல ஆயிரம் கோடி ரிசர்வ் வங்கியில் முடங்கியிருப்பதாகவும், அதை விடுவிக்கும் கமிஷனில் சில லட்சம் போட்டால் கோடியாகத் திரும்பும் என்றும் சொல்வார்கள். போலி ஆவணத்தைக் காட்டி, வெளியே சொல்லாதீர்கள் என்பார்கள். ரயில் நிலையத்துப் பெட்டிக்குப் பதில் இங்கே கலசம். இது பெரும்பாலும் மின்னஞ்சலில் வருவதில்லை. தெரிந்தவர் ஒருவர் மூலம் வீடு தேடி வருகிறது.

அண்மைக் காலம்

நியூசிலாந்தின் நெட்சேஃப் அமைப்பு 2017இல் மோசடி மின்னஞ்சலுக்குத் தானே பதில் எழுதி இழுத்தடிக்கும் மென்பொருளை வெளியிட்டது. பிரிட்டனின் ஓ2 நிறுவனம் 2024இல் 'டெய்சி' என்ற செயற்கைப் பாட்டிக் குரலைத் தொலைபேசி மோசடிக்காரர்களோடு பேசவிட்டது. மோசடியும் மாறியிருக்கிறது. நிறுவனங்களின் உண்மையான மின்னஞ்சல் போக்குவரத்துக்குள் நுழைந்து வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றும் முறையில் பிழையான ஆங்கிலமும் இல்லை, இளவரசரும் இல்லை. இந்தியாவில் போலீஸ் வேடத்தில் வீடியோ அழைப்பில் மிரட்டும் 'டிஜிட்டல் கைது' பரவியுள்ளது. பணம் போனதும் உடனே அழைக்க வேண்டிய தேசிய உதவி எண் 1930.