சக்கரம் என்னும் சொல்லும் ஆயுர்வேத மொழிபெயர்ப்பும்

பெங்களூருவில் ஆயுர்வேதம் குறித்து ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் தமிழிலும் வழங்கும் நலவாழ்வு நூல்களிலும் சிகிச்சை நிலையங்களின் அறிவிப்புகளிலும் ‘சக்கரங்களைச் சமன்செய்தல்’, ‘ஆற்றல் சிகிச்சை’ முதலிய தொடர்கள் இன்று மிகுதியாகக் காணப்படுகின்றன. சரகரும் சுசுருதரும் கூறியவை என்னும் எண்ணம் படிப்போர்க்கு எழும் வகையிலேயே இவை பெரும்பாலும் எழுதப்படுகின்றன. மூலநூல்கள் காட்டும் நிலை வேறு.

சரக சங்கிதையிலோ சுசுருத சங்கிதையிலோ ஆறு சக்கரம் பற்றிய கோட்பாடு இல்லை. சுசுருதர் உடலில் 107 மர்மங்களை எண்ணுகிறார். அவை தசை, நாளம், நரம்பு, எலும்பு, மூட்டு ஆகியவற்றில் காயம் பட்டால் தீங்கு விளையும் இடங்களே. சக்கரம் என்னும் சொல் சாரீரத் தானத்தில் வருவதுண்டு. ஆனால் அது உவமையில் வருகிறது: குடத்தைச் சூழ்ந்த ஆரக்கால்கள்போல நாளங்கள் கொப்பூழைச் சூழ்ந்துள்ளன என்னுமிடத்தில் அது வண்டிச் சக்கரத்தையே குறிக்கும். பிராணன் என்பதும் அந்நூல்களில் ஐவகை வாயுக்களுள் ஒன்று. தும்மல், ஏப்பம், மூச்சு, உணவு விழுங்கல் ஆகியவை அதன் தொழில்கள். இதனை ‘உயிராற்றல்’ எனப் பெயர்த்தவுடன் தும்மலும் ஏப்பமும் மறைந்துவிடுகின்றன.

ஆறு சக்கரங்களின் இருப்பிடம் தந்திர, யோக நூல்களே. அவற்றுள் உலகெங்கும் பரவியது வங்காளத்துப் பூர்ணானந்தர் 1577இல் இயற்றிய ஸ்ரீதத்துவசிந்தாமணியின் ஒரு பகுதியான ஷட்சக்ர நிரூபணம். கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி சர் ஜான் உட்ராஃப், ஆர்தர் அவலான் என்னும் புனைபெயரில் இதனை ஆங்கிலத்தில் தந்தார். அவரது ‘சர்ப்ப சக்தி’ நூலின் பிற்பதிப்புகள் சென்னைக் கணேஷ் நிறுவனத்தின் வழியே பரவின.

தந்திர நூல்களின் சக்கரம் உடற்கூற்றியலுக்குள் புகுந்தது இதற்கும் முன்னரே. 1888இல் பி. டி. பாசு ‘தியாசபிஸ்ட்’ இதழில் தந்திரங்களின் உடற்கூற்றியல் பற்றி எழுதினார். இதனினும் செல்வாக்குப் பெற்றவர் பிரஜேந்திரநாத சீல். 1915இல் வெளிவந்த தமது பண்டைய இந்துக்களின் அறிவியல் குறித்த நூலில், சரகரின் கருத்துகளை அடுத்துத் தந்திரச் சக்கரங்களையும் வைத்து, அவற்றை நரம்புப் பின்னல்களோடு பொருத்தினார். மூலாதாரத்தின் நான்கு இதழ்கள் அவர் கையில் நான்கு கிளைகளாயின. அநாகதத்தின் பன்னிரண்டு இதழ்களும் அவ்வாறே. தாமரை இதழைக் கிளை எனப் பெயர்த்த அளவில் தியானப் பொருள் அறுவைப் பொருளாயிற்று. சீல் 1920களில் மைசூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். பெங்களூரு சென்ட்ரல் கல்லூரி அப்பல்கலைக்கழகத்தைச் சார்ந்தே அன்று இயங்கியது. பெங்களூருவின் இன்றைய வழக்குக்கு அவரைக் காரணராக்குதல் பொருந்தாது. எனினும் சரகரையும் சக்கரத்தையும் ஒரே அதிகாரத்தில் வைக்கும் முறைக்கு அவர் நூல் அறிஞர் மதிப்பை அளித்தது.

உட்ராஃப் இப்பொருத்தத்தை ஏற்கவில்லை. சக்கரங்கள் நுண்ணுடலுக்கு உரியவை என்பது அவர் கருத்து. குண்டலினியை வலப்புற வேகசு நரம்பென்று வசந்த ரேலே 1927இல் எழுதிய நூலுக்கு முன்னுரை வழங்கியபோதும் அவர் தம் கருத்து வேறுபாட்டை மறைக்கவில்லை. அதே 1927இல் வெளிவந்த லெட்பீட்டரின் நூல் சக்கரத்தை ‘விசை மையம்’ என்று விளக்கியது. சுவாதிட்டானத்தின் இடத்தில் மண்ணீரலை வைத்தது. பிற்காலத்து ‘ஆற்றல் மையம்’ என்னும் வழக்குக்கு இந்நூல் பெரிதும் வழிவகுத்தது. எண்ணிக்கையும் நிலைத்து நிற்கவில்லை. சோவா காக் சூய் பரப்பிய பிராணிக் சிகிச்சையில் முதன்மைச் சக்கரங்கள் பதினொன்று.

தமிழில் ‘ஆற்றல்’ பள்ளி இயற்பியல் பாடத்தின் கலைச்சொல். அளக்கத்தக்க ஒன்றைக் குறிப்பது. ‘சக்தி’ எனின் வழிபாட்டு மரபு நினைவுக்கு வரும். அதனை ஆங்கிலம் வழியாக ‘ஆற்றல்’ ஆக்கும்போது அளந்து காட்டப்படாத ஒன்றுக்கு அளவையின் தோற்றம் கிடைத்துவிடுகிறது. நோயாளி ஒருவர் இதனை நம்பி மருந்தை நிறுத்தக்கூடும் என்பதால் இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

தமிழ் மரபில் இச்சிக்கலைத் தவிர்க்கும் சொல் ஏற்கெனவே உண்டு. உடலிலுள்ள ஆறு இடங்களை மூலாதாரம் முதல் ஆஞ்ஞை ஈறாக ‘ஆறாதாரம்’ என்பதே யோக, சித்தர் நூல்களின் பெருவழக்கு. சித்த மருத்துவம் தொண்ணூற்றாறு தத்துவங்களுள் இவற்றையும் சேர்த்து எண்ணும். ஆகவே ஆயுர்வேதச் சங்கிதைகளைப் பற்றிக் கூறியதைச் சித்த மருத்துவத்துக்கும் அப்படியே ஏற்றிச் சொல்லல் ஆகாது. திருமந்திரத்தின் நான்காம் தந்திரத்தில் திருவம்பலச் சக்கரம், ஏரொளிச் சக்கரம், நவாக்கரி சக்கரம் எனத் தலைப்புகள் பல உள்ளன. அங்குச் சக்கரம் என்பது எழுத்துகளை இட்டு வரையும் எந்திரம்.

கன்னடத்தில் நிலை வேறு. ஆறு இலிங்கங்களை ஆறு சக்கரங்களோடு பொருத்தும் வீரசைவ மரபில் ‘ஆதார சக்கரம்’ என்பது முதலாவதை மட்டுமே குறிக்கும். கன்னட நூலிலுள்ள ‘ஆதார’ என்பதைக் கண்டவுடன் தமிழில் ‘ஆதாரம்’ என்று நிறுத்தினால், ஆறனுள் எது என்னும் ஐயம் எழும். அவ்விடத்தில் ‘மூலாதாரம்’ என்றே எழுத வேண்டும்.